மஞ்சள் கொடி இருக்கும் இடம்

ஏப்ரல் 5

என் பயந்தாங்கொள்ளிக்கு,

வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் உங்கள் குரல் உயர்கிறது, மூன்றாவதில் நான் வைத்துவிடுகிறேன், நடுவில் நம் வாண்டு போனை நக்கிக்கொண்டு "ம்மா, ம்மா" என்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அவசரம் என்றால் போன், சண்டை என்றால் கடிதம். கடிதத்தில் கத்த முடியாது. எழுத்தை வேண்டுமானால் பெரிதாகப் போடலாம்.

கம்பெனி கொடுத்த அறை கிடங்குக்கு மேலே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கீழே மருந்து டேங்குகளைக் கழுவும் முற்றம். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் யாரோ விட்டுப்போன ஆணி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புல்வெளியில் மருந்தடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இங்கே என் வேலை. முதல் நாளே ஒருத்தி லேபிளைப் படிக்காமல் மூடியைத் திறந்தாள். "லேபிள்ல என்ன போட்டிருக்கு?" என்றேன். "பேரு போட்டிருக்கு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள், வேலை முடிந்து வந்து வாண்டைத் தூக்கப் போனேனே, அப்போது பேன்ட் அளவு கொடுக்க வந்திருந்தவர் முன்னால் நீங்கள் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "விஷக் கையோட பிள்ளையத் தொடாத." குளித்துவிட்டு வா என்று சொல்லியிருந்தால் கோபித்திருக்கவே மாட்டேன். அதை நானே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பூட்ஸை வெளியே கழற்றுகிறேன், வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்கிறேன், குளிக்காமல் அவள் பக்கம் போனதே இல்லை. அன்றைக்கு அவள் தடுக்கி விழப் பார்த்தாள், கை நீண்டுவிட்டது. அந்தக் கையை விஷம் என்றீர்கள். ஊசியும் கத்தரியும் சிதறிக் கிடக்கிற தையல் அறையில் பிள்ளை வளர்க்கிறவர் பேசுகிற பேச்சா இது? ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதீர்கள். நம் வரிசை வீடுகளுக்குப் பொதுவான புல்வெளிக்கு எப்போது மருந்து, என்ன மருந்து என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேட்டு வையுங்கள். இந்த முறை எங்கள் கம்பெனி இல்லை, வேறு யாரோ அடிக்கிறார்கள். அன்றைக்கு ஜன்னல்களைச் சாத்துங்கள். அவளுடைய பந்து, வாளி எல்லாவற்றையும் முன்னாடியே உள்ளே எடுங்கள். நாமெல்லாம் புல்லில் நடப்பதோடு சரி. இரண்டரை வயசுப் பிள்ளை அதில் உட்காரும், உருளும், அந்தக் கையை அப்படியே வாயில் வைக்கும்.

கோபம் குறையாமல்,
மருந்துக்காரி

*

ஏப்ரல் 14

மருந்துக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஜாக்கிரதைக்காரன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்கிறது, தையல்காரனுக்கு அது தெரியும். சாயங்காலம் கடை மூடியதும் காந்தத்தை எடுத்துத் தரை முழுக்க உருட்டுகிறேன், ஓர் ஊசி தங்குவதில்லை. கத்தரி மேல் தட்டுக்குப் போய்விட்டது.

'விஷக் கை' என்று சொன்னது வாய் தவறிவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் வாய் தவறவில்லை. பயம் பேசியது. நீ டேங்க்கைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்குள் என்னவோ பண்ணும், உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொன்னதில்லை. கடைசியில் அந்த மனுஷர் முன்னால் கொட்டிவிட்டேன். அதற்காக நீ ஆறு மாச வேலையை ஒத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போயிருக்க வேண்டாம். பதவி உயர்வு என்று நீ சொல்லலாம். கோபம் என்று எனக்குத் தெரியும்.

வாண்டு பாடு சொல்லி முடியாது. தெருவில் வேன் சத்தம் கேட்டால் உன் கம்பெனி வேன் என்று வாசலுக்கு ஓடுகிறாள், யாரும் இறங்காவிட்டால் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், நான்தான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், கேள். உன் அலமாரியில் கம்பியில் செருகிய சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் கொடிகள் ஒரு கட்டு இருந்தது, பிரிக்காத பாக்கெட். மருந்தடித்து முடித்ததும், ஈரம் காயும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது என்று புல்லில் நட்டுவிட்டு வருவீர்களே, அந்தக் கொடி. புதுசுதான், இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவினேன், சிரிக்காதே. "இது யாரோடது?" என்றாள். "அம்மாவோடது" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. இப்போது தினமும் ஒரு விளையாட்டு. பூந்தொட்டியில், சோபா இடுக்கில், துணி மூட்டையில் எங்காவது கொடியை நட்டு வைத்துவிட்டு, "அம்மா கொடி எங்கே? ஓடு, ஓடு!" என்கிறேன். ஓடிப்போய்ப் பிடுங்குகிறாள். அடியில் உன் போட்டோவோ ஒரு பிஸ்கட்டோ இருக்கும். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நீ போனபிறகு அவள் முதல்முறையாகச் சிரித்தது இதில்தான்.

இதிலாவது குற்றம் கண்டுபிடிக்காதே.

ஜாக்கிரதைக்காரன்

*

ஏப்ரல் 23

என் ஜாக்கிரதைக்காரருக்கு,

குற்றம் கண்டுபிடிக்கவில்லை. கொடி விளையாட்டைப் படித்துவிட்டு அழுதேன். கீழே டேங்க் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் மருந்து பட்டுவிட்டது போலிருக்கிறது என்று தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தாள். நல்ல மாணவி.

இதோடு இன்னொரு பாக்கெட் கொடி அனுப்பியிருக்கிறேன். அவளிடம் சொல்லுங்கள், மஞ்சள் கொடி இருக்கிற இடத்தில் அம்மா வேலை செய்கிறாள் என்று. பொய் இல்லையே, உண்மைதானே? கொடியைப் பார்த்தால் அவளுக்கு என் ஞாபகம் வரட்டும். நானும் இங்கே ஒவ்வொரு கொடியை நடும்போதும் அவளை நினைத்துக்கொள்கிறேன். கழுவியதற்குச் சிரிக்கத்தான் சிரித்தேன். அது வெறும் பிளாஸ்டிக், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இங்கே ஒரு தகராறு. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் புல்வெளிக்குப் போனோம். காற்று சுழற்றி அடித்தது. அடிக்க மாட்டேன் என்று டேங்க்கை இறக்கிவிட்டேன். மேலாளர் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆகிவிட்டது. "ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்வளவு யோசனையா?" என்றார். "ஜன்னலுக்கு உள்ள பாருங்க" என்றேன். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வரிசையாகப் பிள்ளைகள். ஒன்று வாண்டு மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

அது சரி, செயலாளரிடம் கேட்டீர்களா இல்லையா? நீங்கள் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம், எனக்கு உங்களைத் தெரியாதா? விஷத் தகவல் மையத்தின் எண் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்துப் பட்டன் மடித்து வைக்காதீர்கள்.

வாண்டின் இரண்டு கன்னத்துக்கும் என் சார்பில்,
மருந்துக்காரி

*

மே 8

அம்மா தாயே,

போனில் நான் கத்தியதெல்லாம் என்னவென்று எனக்கே ஞாபகம் இல்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. எழுதினால் வரிசையாக வரும் என்று எழுதுகிறேன். முதலில் ஒன்று: வாண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து துண்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

செயலாளரிடம் நான் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். "போர்டுல ஒட்டுவோம் சார்" என்றார். தினமும் போர்டைப் பார்த்தேன். அவர்களோ ஒட்டிய தேதிக்கு முந்தின நாளே வந்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் மழை வருமாம், அதனால் முன்கூட்டியே வந்தார்களாம். எனக்கு மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கோட்டின் தோள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். புழுக்கம் தாங்காமல் வாசல் கதவைத் திறந்து வலைக் கதவை மட்டும் சாத்தியிருந்தேன். வாண்டு ஜன்னலோரம் நின்று எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோட்டைத் திருப்பிப் போட்டு நிமிர்ந்தால் ஆள் இல்லை. வலைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் புல்வெளியின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறாள். புல் நனைந்து பளபளக்கிறது. ஒரு கொடியைப் பிடுங்கி மார்போடு அணைத்து வைத்திருந்தாள், கம்பி நுனி வாயில். உள்ளங்கை, முழங்கால், கவுன் எல்லாம் ஈரம். அழவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூக்கியதும்தான் வீறிட்டாள், "அம்மா, அம்மா" என்று புல்லைக் காட்டிக் காட்டி அழுதாள். எங்கேயோ எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் உனக்கு போன் செய்தேன். நீ சொன்னதையெல்லாம் செய்தேன். உடுப்பைக் கழற்றினேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், வாயைத் துடைத்தேன், வாந்தி எடுக்க வைக்கவில்லை, கொடியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கொடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனி பெயர் இருந்தது. மருந்தின் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. "களைக்கு அடிச்சதா, பூச்சிக்கு அடிச்சதா? அது தெரிஞ்சா நல்லது" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அதற்குள் அவளாகவே வாந்தி எடுத்தாள். எச்சில் வடிந்தது, கண் சிவந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்த கை விடவே இல்லை. நீ அங்கிருந்து அந்தக் கம்பெனியைப் பிடித்து, மருந்தைக் கண்டுபிடித்து, டாக்டரிடம் பேசும்வரை நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. களைக்கொல்லிதான், பூச்சி மருந்து இல்லை என்றதும் டாக்டரின் தோள் தளர்ந்தது. அதைப் பார்த்து நான் உட்கார்ந்தேன்.

உள்ளங்கைச் சிவப்பு இறங்கிவிட்டது. கண்ணை இன்னும் கசக்குகிறாள். மறுபடி கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் கோபித்துக்கொள். உன் தொழிலை விட்டு அவளைத் தள்ளி வைத்துவிடலாம் என்று எவ்வளவோ பார்த்தேன். நீ போனாலும் அது வாசலுக்கு வந்துவிட்டது.

அவள் அப்பா

*

மே 13

என்னங்க,

கண்ணைக் கசக்குகிறாள் என்றால் வெளிச்சத்தைப் பார்த்துச் சுருக்குகிறாளா? தண்ணீர் குடிக்கிறாளா? முன்பு மாதிரி ஒன்றுக்குப் போகிறாளா? மறுபடி வரச்சொன்ன நாளைத் தள்ளிப்போடாதீர்கள். கவுனைத் துவைத்தாலும் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த செருப்பு புல்லில் நடந்த செருப்பு. அது வாசலில் கிடந்தால் அவள் எடுப்பாள். கழுவுங்கள்.

தொழிலைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பக்கம். மருந்தின் மேல் தப்பில்லை, தேதி மாற்றியவன்மேல் தப்பு, பெயர் எழுதாதவன்மேல் தப்பு, வலைக் கதவைத் தாழிடாத தையல்காரர்மேல் தப்பு என்று நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அனுப்பும் முன்னால் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

ஜன்னலோரம் நின்று எதையோ பார்த்துச் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை? அந்தப் புல்வெளியில் ஊஞ்சல் இருக்கிறது, பூ இருக்கிறது, அவளுக்குப் பிடித்த பெஞ்சு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கொடியிடம் போய் உட்கார்ந்திருக்கிறாள். பிடுங்கி அணைத்திருக்கிறாள். சுற்றும்முற்றும் பார்த்திருக்கிறாள். எரிச்சலில் அழுத பிள்ளை கையைக் காட்டும். இவள் புல்லைக் காட்டியிருக்கிறாள்.

அவள் என்னைத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள்.

யாருடைய பிள்ளையாக இருந்தாலும் கொடியைப் பார்த்து நிற்க வேண்டும், அதற்குத்தான் அதை நடுகிறோம். என் பிள்ளைக்கு மட்டும் அதைப் பார்த்தால் ஓடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நீங்கள் ஆரம்பித்தீர்கள், நான் ஒரு பாக்கெட்டை அனுப்பி அதை முடித்து வைத்தேன். வெறும் பிளாஸ்டிக், கெடுதல் இல்லை என்று எழுதினேனே! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நாம் பிடித்தது அதைவிட மோசம்.

அவளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும். அதுவரை கொடிகளை எல்லாம் ஒளித்து வையுங்கள். செயலாளரிடம் அடுத்த தடவை எப்போது என்று எழுத்தில் வாங்குங்கள். களைக்கொல்லி அடித்தவர்கள் ஜூன் முதல் வாரம் மறுபடி வருவார்கள், அது வழக்கம். அவர்கள் வருவார்கள், கொடியும் வரும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அவள் அம்மா

*

மே 20

என் கண்ணே,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது? இன்றைக்குக் கூப்பிடவேண்டும் போல இருக்கிறது.

முதலில் நல்ல சேதி. டாக்டர் பார்த்தார். கண் தெளிந்துவிட்டது, வயிறு சரி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் திரும்பவும் கேட்டேன். அதையே திரும்பவும் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது நர்ஸ் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

நீ நினைத்தது தப்பில்லை. சாப்பாடு ஊட்டும்போது கேட்டேன். "பாப்பா, அன்னைக்குப் புல்லுக்கு ஏன் போன?" என்றேன். "அம்மா கொடி" என்றாள். "அங்க அம்மா இல்லையே" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இருக்கா. ஒளிஞ்சிருக்கா. அப்பா தூக்கிட்டே" என்றாள். அம்மாவைக் கண்டுபிடிப்பதற்குள் நான் தூக்கிவிட்டேனாம். அதற்குத்தான் அந்த அழுகை. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு மருந்துக்கும் பயந்தேன். புதுக் கொடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவின கையாலேயே இந்த வேலையைச் செய்திருக்கிறேன். உன் கையைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கு எனக்கு நானே என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு. இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

கொடிகளை ஒளித்தேன். வீடெல்லாம் தேடினாள். தொட்டி மண்ணைக் கிளறினாள், மூட்டைகளைக் கவிழ்த்தாள். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு கொடியை வெளியே எடுத்து வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன். கூடத்தின் ஒரு கோடியில் அதை நடுகிறேன், நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுகிறேன். "கொடின்னா நிக்கணும்." கோட்டில் நிற்கிறாள். உதடு பிதுங்குகிறது. நான் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரே ஓட்டம்.

செயலாளரோடு நல்ல சண்டை. மருந்தே வேண்டாம், களையும் பச்சையாகத்தானே இருக்கிறது என்றேன். "புல்லு அசிங்கமாப் போனா யாரு சார் பதில் சொல்றது?" என்றார். என் பெண்ணின் கையைப் பிடித்துக் காட்டினேன். கொஞ்சம் இறங்கி வந்தார். இனிமேல் அடிக்கும் முன்னால் ஒவ்வொரு கதவையும் தட்டிச் சொல்வார்களாம், கொடியில் மருந்தின் பெயரை எழுதுவார்களாம். மருந்தை நிறுத்த மட்டும் சம்மதிக்கவில்லை. ஜூன் மூன்றாம் தேதி வருகிறார்கள். வலைக் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் வைத்துவிட்டேன். ஆனால் எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பது? ஊர் முழுக்கப் புல்வெளி இருக்கிறது, எல்லாவற்றிலும் இதே கொடிதான்.

உன் தையல்காரன்

*

மே 28

என்னங்க,

'கண்ணே' என்று எழுதியதை மடித்து வைத்துக்கொண்டேன். மன்னிப்பெல்லாம் அப்புறம். முதலில் மூன்றாம் தேதி.

அவளைப் பயமுறுத்தாதீர்கள். பூச்சாண்டி, சூடு என்று எதுவும் சொல்லாதீர்கள். பயந்த பிள்ளை நாம் இருக்கும்போது நிற்கும், இல்லாதபோது போய்ப் பார்க்கும். உண்மையைச் சொல்லுங்கள். புல்லுக்கு மருந்து போட்டிருக்கிறது, ஈரமாக இருக்கிறது, காயும்வரை நிற்கவேண்டும், காய்ந்து கொடியை எடுத்த பிறகு போகலாம். அவளுக்கு ஈரம் தெரியும். துணி காயப் போடும்போது தொட்டுத் தொட்டுப் பார்ப்பாளே, அதை வைத்துச் சொல்லுங்கள். லேபிளில் போட்ட நேரம் முடிந்தாலும் நீங்கள் ஒரு நாள் கூடுதலாக நிற்கவைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன்.

கொடி இருந்தால் அம்மா அங்கே இல்லை என்றும் சொல்லவேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பேருக்குப் பாடம் எடுக்கிறேன், இது ஒன்று வாயில் வரமாட்டேன் என்கிறது.

நேற்று ஒரு வீட்டில் வேலை முடிந்து கொடி நட வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு நின்றேன், குத்த முடியவில்லை. அந்த வீட்டுப் பையன் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "இது எதுக்குன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினான். சொன்னேன். அப்புறம்தான் நட்டேன். இனிமேல் வீட்டில் குழந்தை இருந்தால் இப்படித்தான் என்று என் ஆட்களுக்கும் சொல்லிவிட்டேன். மேலாளர் நேரமாகிறது என்கிறார். ஆகட்டும்.

நான் வந்துவிடட்டுமா? ஒரு வார்த்தை எழுதினால் பெட்டியைக் கட்டிவிடுவேன். நடுவில் விட்டால் மேற்பார்வை வேலை போய்விடும், மறுபடி டேங்க்தான் தூக்கவேண்டும். தூக்குகிறேன். அதைவிட ஒரு பயம் என்னைத் தின்கிறது. கொடியைப் பார்த்தால் நில் என்று அவள் கற்றுக்கொள்ளட்டும், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். என்னைப் பார்த்தாலும் நின்றுவிட்டால்?

உங்கள் மருந்துக்காரி

*

ஜூன் 5

என் மருந்துக்காரிக்கு,

மூன்றாம் தேதி வந்தார்கள். கதவைத் தட்டிச் சொன்னார்கள், மருந்தின் பெயரை எழுதினார்கள், காற்று இல்லை. ஜன்னல்களைச் சாத்தினேன், கடைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் போனதும் வாண்டு கண்ணாடி வழியாகக் கொடியைப் பார்த்துவிட்டாள். "அம்மா கொடி!" என்று வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இன்றில்லாவிட்டால் நாளைக்கு வேறு எங்காவது நான் இல்லாத நேரத்தில் பார்ப்பாள். சாயங்காலமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனேன். என் நெஞ்சு அடித்த அடி அவள் கைக்குத் தெரிந்திருக்கும்.

சிமென்ட் நடைபாதையின் ஓரத்துக்கு வந்தோம். கையை விட்டேன், ஒரு பாய்ச்சலில் பிடிக்கிற தூரத்தில் நின்றேன். அவள் ஓடவில்லை. நின்றாள். குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள். "ஈரம்" என்றாள். "ஆமா, ஈரம்" என்றேன். "காயணும்" என்றாள். "ஆமாடா தங்கம், காயணும்" என்றேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, புல்வெளியைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள். "அம்மா! காஞ்சதும் வா!"

அம்மா அங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை என்று நினைக்காதே. சொன்னேன். விளையாட்டாகச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், உன் போட்டோவைக் காட்டிச் சொன்னேன். "ம்" என்று கேட்டுக்கொண்டாள். இன்றைக்கு அவர்கள் வந்து கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புல் ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. நானும் தொட்டுப் பார்த்தேன். அவள் தானாக இறங்கி நடந்தாள். பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். செடி மறைவில் பார்த்தாள். ஊஞ்சலுக்குப் பின்னால் ஒரு தடவை போய் வந்தாள். அப்புறம் என்னிடம் வந்து என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள், எனக்கு ஆறுதல் சொல்கிறாள். "அம்மா போய்ட்டாப்பா. அடுத்த தடவ வருவா."

வேலையை விடாதே. நீ குனிந்து உட்கார்ந்து சொன்னாயே, அந்தப் பையனைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நீ எங்கே இருக்கிறாய் என்று வாண்டு தன் கண்ணால் பார்க்கவேண்டும். என் வாய்ச்சொல்லை அவள் நம்ப மாட்டாள். நம்பாமல் இருக்க நான்தான் பழக்கினேன். உன் அறை, உன் கட்டில், நீ சாப்பிடும் தட்டு எல்லாவற்றையும் அவள் தொட்டுப் பார்க்கட்டும். உன்னைப் பார்த்து நின்றுவிடுவாளோ என்று கேட்டிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. வந்துதான் பார்க்கவேண்டும்.

பேருந்துப் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டேன். துணி கொடுத்தவர்கள் திட்டட்டும். அடுத்த சனிக்கிழமை காலைப் பேருந்தில் நானும் அவளும் வருகிறோம். நிறுத்தத்துக்கு வந்து நில். தூண் மறைவிலோ கூட்டத்துக்குப் பின்னாலோ நிற்காதே. இறங்கியதும் அவள் தேடாமல் பார்க்கிற மாதிரி முன்னால் வந்து நில்.